ரகசிய விமான சேவையின் வரலாற்றைத் தோண்டி எடுப்பது எப்படி? பெர்த் – கொக்கல பறப்பை வைத்து ஒரு வழிகாட்டி

போர்க்கால ரகசிய விமான சேவை என்று பேச்செடுத்தால் எல்லாரும் நேராக லாவோஸுக்குப் போய்விடுவார்கள். சிஐஏ பின்னாலிருந்து நடத்திய ஏர் அமெரிக்காதான் அந்த வகையில் பிரபலம். ஆனால் முதல்முறை இப்படி ஒரு வரலாற்றை எழுத உட்காருபவர் அதைத் தொடவே கூடாது என்பேன். 1946இல் சீனாவில் தொடங்கிய நிறுவனம் அது. 1950இல் சிஐஏ கைக்குப் போனது, 1959இல் பெயர் மாறியது, 1976 வரை இருந்தது. எத்தனையோ வகை விமானங்கள், எத்தனையோ நாடுகள், போதாக்குறைக்கு ஒவ்வொரு விமானியும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் கதைகள். காகிதத்தில் மூழ்கிவிடுவீர்கள்.

சின்னதாக ஒன்றை எடுங்கள். ஒரே பாதை, எண்ணிப் பார்க்கக்கூடிய விமானங்கள், தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும் காலம். இரண்டாம் உலகப் போரில் இதற்குப் பொருத்தமானவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, பிரிட்டிஷ் விமான நிறுவனமான பிஓஏசி ஸ்காட்லாந்தின் லூகர்ஸ் தளத்திலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு ஓட்டியது. ஸ்வீடனிலிருந்து பால் பேரிங்குகளை ஏற்றி வர மஸ்கிட்டோ விமானங்களைக்கூடப் பயன்படுத்தினார்கள், குண்டு வைக்கும் அறையில் ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள், இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1943இல் அப்படித்தான் தப்பினார். இன்னொன்று, ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் 1943 ஜூன் கடைசி முதல் 1945 ஜூலை வரை ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையின் தென்கரையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலவுக்கும் நடுவே ஓட்டியது. ஐந்து கேட்டலினா பறக்கும் படகுகள் (தண்ணீரிலிருந்தே ஏறி, தண்ணீரிலேயே இறங்கும் விமானங்கள்), ஒரே ஒரு பாதை. இந்த வழிகாட்டி முழுக்க இரண்டாவதை வைத்துத்தான். முறை உங்களுக்குப் பிடிபட்டால் வேறு எதற்கும் போட்டுக்கொள்ளலாம்.

ஏன் இந்தச் சேவை தேவைப்பட்டது என்பதை முதலில் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடுங்கள்

இதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் கூடாது. போருக்கு முன்னால் சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வரை குவாண்டாஸ் எம்பயர் ஏர்வேஸ் கொண்டுபோகும், அங்கிருந்து இங்கிலாந்து வரை பிரிட்டிஷ் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, பாதை அறுந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பே, ஜனவரி 30 அன்று, குவாண்டாஸின் கோரியோ என்ற பறக்கும் படகைத் திமோருக்கு அருகே ஜப்பானியர்கள் சுட்டு வீழ்த்தியிருந்தார்கள். பிப்ரவரி 28 அன்று ஜாவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் புரூம் நோக்கிப் புறப்பட்ட சர்சி என்ற இன்னொரு பறக்கும் படகு போய்ச் சேரவே இல்லை. மார்ச் 3 அன்று புரூம் துறைமுகத்திலேயே நின்றிருந்த பறக்கும் படகுகள் எரிந்தன. அந்தமான், சுமத்ரா, ஜாவா, கிறிஸ்துமஸ் தீவு எல்லாம் அந்த மார்ச்சுக்குள் ஜப்பான் வசம் போய்விட்டன. மிச்சம் இருந்தது தரையே தென்படாத இந்தியப் பெருங்கடல்தான்.

குவாண்டாஸிடம் ஏற்கெனவே அனுபவம் இருந்தது. 1941இல் அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து ஆஸ்திரேலிய விமானப்படைக்கான கேட்டலினாக்களைப் பசிபிக் கடந்து ஓட்டி வந்ததில் அந்த நிறுவனத்தின் ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. லெஸ்டர் பிரெய்ன் போன்ற விமானிகளும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஹட்சன் பிஷ்ஷும் இல்லாமல் இந்தச் சேவை நடந்திருக்காது. பெயர்கள் இவ்வளவு போதும். ஆரம்பத்திலேயே இருபது பேரை அறிமுகப்படுத்தினால் வாசகர் ஓடிவிடுவார்.

வரைபடத்தை எடுங்கள், தூரத்தை நீங்களே அளங்கள்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இது. இந்தப் பாதையின் தூரம் 3,513 மைல் என்று எங்கும் பார்ப்பீர்கள். சரி, எந்த மைல்? கடல் மைல் என்று நினைத்து 1.852ஆல் பெருக்கினால் 6,506 கிலோமீட்டர் வரும், அந்த எண்ணும் சில இடங்களில் அச்சாகியிருக்கிறது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பெர்த்தில் ஸ்வான் ஆற்றின் நெட்லண்ட்ஸ் கரை ஏறக்குறைய தெற்கு 32 பாகை, கிழக்கு 115.8 பாகை. கொக்கல ஏரி வடக்கு 6 பாகை, கிழக்கு 80.3 பாகை. பூமியின் வளைவைச் சேர்த்துக் குறுக்கு வழியை அளந்தால் 5,650 கிலோமீட்டர் சொச்சம். அதை 1.609ஆல் வகுத்தால் கச்சிதமாக 3,513 வந்து நிற்கும். ஆக அது தரை மைல்தான். 6,506 என்று எழுதியிருக்கும் கட்டுரையை மற்ற விஷயங்களிலும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள், அளந்து பார்க்காமல் எடுத்துப் போட்டவர் வேறு எதையெல்லாம் அப்படிப் போட்டாரோ.

அதே வரைபடத்தில் கோட்டை வரைந்துவிட்டு நடுப்புள்ளியைப் பாருங்கள். கொக்கோஸ் தீவுகளுக்குப் பக்கத்திலேயே வந்து விழும். அந்தக் குட்டித் தீவுக்கூட்டம் ஜப்பானியர்களிடம் விழவில்லை. அங்கிருந்து கிழக்கே ஆயிரம் கிலோமீட்டர் போனால் கிறிஸ்துமஸ் தீவு, ஜப்பான் கையில். வடகிழக்கே சுமத்ரா, அதுவும் ஜப்பான் கையில். பாதையின் வடபாதி முழுக்க எதிரித் தளங்களிலிருந்து நீண்டதூர ரோந்து விமானம் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் போகிறது என்பது இந்த ஒரு கோட்டிலேயே தெரிந்துவிடும். பக்கம் பக்கமாக வர்ணிப்பதைவிட இந்தப் படத்தை வைத்தாலே வாசகருக்குப் புரியும்.

எரிபொருள் கணக்கு

அப்புறம் எடை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் எத்தனை ரகசிய முத்திரை குத்தினாலும் எடையை மறைக்க முடியாது.

இந்தக் கேட்டலினாக்கள் ஏற்றிக்கொண்ட பெட்ரோல் 1,988 இம்பீரியல் கேலன். லிட்டரில் சொன்னால் 9,000க்குக் கொஞ்சம் மேல். விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 720 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஆறரை டன். எதற்காக இத்தனை? பயணிகள் அதிகபட்சம் மூன்று பேர், தபால் 69 கிலோ. ஆளுக்கு 75 கிலோ போட்டாலும் மொத்தச் சுமை 300 கிலோவைத் தாண்டாது. ஒரு கிலோ சுமையைக் கொண்டுபோக இருபது கிலோவுக்கு மேல் பெட்ரோல். லாபம் பார்க்கிற எந்த நிறுவனமும் இதைச் செய்யாது, பணம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று இந்த விகிதமே சொல்லிவிடும். ஏர் அமெரிக்காவோ ஸ்டாக்ஹோம் பாதையோ எதை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்தச் சுமைக்கு இந்தச் செலவு யாருக்குக் கட்டுப்படியாகும்? பதில் பெரும்பாலும் ஏதோ ஓர் அரசாங்கமாகத்தான் இருக்கும்.

எடைக் கணக்கு இன்னொன்றையும் விளக்கும். விமானத்திலிருந்து எதையெல்லாம் கழற்றினார்கள் என்று படிக்கும்போது, பனி படியாமல் தடுக்கும் கருவி, உள்சுவரின் குளிர்காப்பு என்று பட்டியல் வரும். வெறும் தகவலாகப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதன் விளைவை எழுதுங்கள்: இருபத்தெட்டு மணி நேரம், இரண்டு எஞ்சின் இரைச்சல், குளிர், அதற்குள் ஒரு ராணுவ அதிகாரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புறப்பட்ட முதல் பல மணி நேரம் சுமை அவ்வளவு அதிகம் என்பதால், ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றதை வைத்து உயரத்தைக் காப்பாற்ற முடியாது. பெட்ரோல் எரிந்து எடை குறையக் குறையத்தான் பாதுகாப்பு கூடும். இன்றைக்கு விமானம் ஏறும் ஆளுக்கு இது தலைகீழாகத் தோன்றும், அதனால் இரண்டு வரி கூடுதலாக விளக்கினால் தப்பில்லை.

வேகத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பயண நேரம் 27 முதல் 33 மணி வரை என்பது பொதுவாகச் சொல்லப்படுவது, மிக நீண்ட பறப்பு 32 மணி 9 நிமிடம். 5,650 கிலோமீட்டரை 27ஆல் வகுத்தால் மணிக்கு 209, 32 மணி 9 நிமிடத்தால் வகுத்தால் 176. விமானம் அதேதான், எஞ்சினும் அதேதான், வித்தியாசம் காற்று. காற்றில் அதன் வேகம் 200 என்று வைத்துக்கொண்டு 20 கிலோமீட்டர் எதிர்காற்றைச் சேர்த்துப் பாருங்கள், பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். எடை குறித்து ஏன் அவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பது இப்போது தானாகவே புரியும்.

இரண்டு சூரிய உதயம் நிஜமா?

இந்தச் சேவைக்கு இரட்டைச் சூரிய உதயப் பறப்பு என்ற பெயர் நிலைத்துவிட்டது. பயணம் செய்தவர்களுக்கு இரட்டைச் சூரிய உதயத்தின் ரகசிய அணி என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ரகசியத்துக்குச் சான்றிதழ் கொடுத்த நகைச்சுவையை என்ன சொல்ல! ஆனால் வரலாறு எழுதுபவர் சான்றிதழைப் பார்த்து மயங்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் பறந்தால் இரண்டு உதயம் பார்த்தே தீருவோம் என்று பலர் நினைக்கிறார்கள். மேற்கே போகும்போது அப்படி இல்லை.

பெர்த்திலிருந்து கொக்கல 35 பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம், ஆக சூரியன் அங்கே இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமாக உதிக்கும். பெர்த்தில் உதயத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அடுத்த உதயத்துக்கு 24 மணி நேரம் போதாது, 26 மணிக்கும் மேல் ஆகும். இதிலும் பருவம் குறுக்கே வரும். ஜூனில் பெர்த்தில் குளிர்காலம், சூரியன் தாமதமாக எழும், அதனால் இடைவெளி சுமார் 25 மணியாகச் சுருங்கும். டிசம்பரில் அங்கே சீக்கிரமே விடிந்துவிடும், இடைவெளி 27 மணியையும் தாண்டிவிடும். கொக்கலவிலிருந்து பெர்த்துக்குத் திரும்பும்போது கணக்கு அப்படியே கவிழும், 24 மணியே தேவைப்படாது. ஆக, ஒரு குறிப்பிட்ட பயணத்தைப் பற்றி எழுதும்போது இரண்டு உதயம் பார்த்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாமல் விமானியின் லாக்புக்கில் புறப்பட்ட நேரத்தைப் பாருங்கள். சூரிய உதய நேரத்தைப் பழைய தேதிக்கும் கணக்கிட்டுத் தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன.

இதில் ஒரு பொறி. லாக்புக்கில் எழுதியிருக்கும் நேரம் கிரீன்விச் நேரமா, உள்ளூர் நேரமா? உள்ளூர் என்றால், போர்க்காலத்தில் இலங்கையின் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னே. இன்றைய ஐந்தரையைப் போட்டீர்களானால் ஒரு மணி நேரம் பிசகும், இருபத்தெட்டு மணிப் பயணம் இருபத்தொன்பது ஆகிவிடும். தேதியிலும் இதே வம்புதான். ஒரு பயணம் எப்போதும் இரண்டு தேதிகளைத் தொடும், அதனால் புறப்பட்ட நாளை ஒருவரும் இறங்கிய நாளை இன்னொருவரும் எழுதியிருப்பார்கள். அட்டவணை போடும்போது இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள், இல்லையென்றால் ஒரே பயணத்தை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

இரவு எங்கே விழுகிறது என்பதையும் இதே கணக்கில் பார்க்கலாம். எதிரிக்கு நெருக்கமான கடலை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்தார்கள் என்பது தெரிந்த செய்தி. பெர்த்தில் விடியும் நேரத்தில் கிளம்பியதாக வைத்து, மணிக்கு 200 கிலோமீட்டர் என்று கோட்டில் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். கொக்கோஸை நெருங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும், சுமத்ராவுக்கு எதிரே வரும்போது கும்மிருட்டு. எதிர்த்திசைக்கு லாக்புக் நேரத்தை வைத்துத் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

இருட்டில் வழி கண்டுபிடித்தது நட்சத்திரங்களை வைத்து. வானொலி கிட்டத்தட்ட வாய் மூடியே இருந்தது, அனுப்பினால் இருக்கும் இடம் காட்டிக்கொடுக்கும். ஐந்து விமானங்களுக்கும் மாலுமிகள் வழிபார்க்கும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரஸ், ஸ்பைகா. நம் பஞ்சாங்கக் கணக்கில் ஆல்டேர் திருவோணம், அன்டாரஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை.

விமானம் யாருடையது?

ரகசிய சேவை எதுவானாலும் இந்தக் கேள்வியை மூன்றாக உடையுங்கள். விமானத்தின் சொந்தக்காரர் யார், பதிவு எந்த நாட்டில், சம்பளம் கொடுப்பவர் யார். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அது சாதாரண விமான நிறுவனம். இங்கே ஓட்டியது ஆஸ்திரேலிய நிறுவனம், ஆனால் பதிவு பிரிட்டனில். ஐந்து விமானங்களின் பதிவெண்ணும் ஜி என்ற எழுத்தில் தொடங்கும், அது பிரிட்டிஷ் சிவில் விமானத்தின் அடையாளம். விமானங்களோ அமெரிக்காவில் செய்யப்பட்டு, கடன்-குத்தகை ஏற்பாட்டில், அதாவது போருக்காக அமெரிக்கா நேச நாடுகளுக்குத் தளவாடம் கொடுத்த திட்டத்தில், பிரிட்டன் வழியாக வந்தவை. பின்னணியில் பிஓஏசியும் பிரிட்டிஷ் விமான அமைச்சகமும்.

இதெல்லாம் சலிப்பூட்டும் அலுவலகச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கதை முடிந்த விதம் இதில்தான் ஒளிந்திருக்கிறது. போர் முடிந்ததும் கடன்-குத்தகை நிபந்தனைப்படி விமானங்களைத் திருப்பித் தர வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். நான்கை பெர்த்துக்கு அப்பால் ராட்னெஸ்ட் தீவை ஒட்டிய கடலிலும் ஒன்றை சிட்னிக்கு அப்பாலும் மூழ்கடித்தார்கள். அதனால் நேரில் போய்ப் பார்க்க மூல விமானம் ஒன்றுகூட இல்லை. ஆஸ்திரேலியாவின் லாங்ரீச் ஊரில் குவாண்டாஸ் நிறுவனர்கள் அருங்காட்சியகத்தில் ஒரு கேட்டலினா நிற்கிறது, உள்ளே எவ்வளவு நெருக்கடி என்று புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் அது வேறிடத்திலிருந்து வாங்கி வந்து நினைவாக வைத்தது, அதன் படத்தைப் போட்டு இதுதான் அந்த விமானம் என்று எழுதிவிடாதீர்கள்.

சிவில் நிறுவனத்தின் ஆட்கள் போர்க்களத்தின் மேல் பறந்தால் இன்னொரு கேள்வியும் வரும்: பிடிபட்டால் அவர்கள் யார்? ராணுவச் சீருடை இருந்ததா, பதவி ஏதாவது கொடுத்திருந்தார்களா, சம்பளப் பட்டியலில் என்ன எழுதியிருந்தது? பணியாளர் கோப்பு கிடைத்தால் முதலில் இதைத்தான் தேடுவேன்.

ஆவணங்கள் எங்கே, எப்படித் தேடுவது

காசு செலவழிக்காமல் தொடங்கும் இடம் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம். பழைய பத்திரிகைகள் ஏராளமாகத் தேடிப் படிக்கும் வடிவில் இருக்கின்றன. ஆனால் 1943, 1944 இதழ்களில் போய் இந்தச் சேவையின் பெயரைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள், தணிக்கை இருந்தது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, போர் முடிந்த பிறகு வந்த இதழ்களில் தேடுவது, அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் கொட்டினார்கள். இரண்டாவது கொஞ்சம் குறுக்குபுத்தி: போர்க்கால இதழ்களில் லண்டனிலிருந்து வந்த பெரிய மனிதர்களைத் தேடுங்கள். எப்படி வந்தார், எந்தக் கப்பல், எந்த வழி என்று ஒரு சொல்கூட இல்லாமல் பெர்த்துக்கு வந்து சேர்ந்தார் என்று மட்டும் இருந்தால், அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். பிறகு பயணப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருந்தினால் கட்டுரையில் போடுங்கள், பொருந்தாவிட்டால் ஊகத்தை ஊகமாகவே விட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் சிவில் விமானத் துறைக் கோப்புகள் வரும், சிலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். குவாண்டாஸ் எம்பயர் ஏர்வேஸ் என்று முழுப் பெயரைப் போடுங்கள், இந்தியப் பெருங்கடல் விமான சேவை என்றும் போடுங்கள், ஏனென்றால் இரட்டை உதயம் என்ற செல்லப் பெயரைக் குமாஸ்தா கோப்பின் தலைப்பில் எழுதியிருக்க வாய்ப்பு குறைவு. ஹட்சன் பிஷ்ஷின் காகிதங்கள் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கின்றன. லண்டனின் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் பிரிவு வாரியான நாட்குறிப்புகள் ஏர் 27 வரிசையிலும் தளம் வாரியானவை ஏர் 28 வரிசையிலும் உள்ளன. கொக்கல விமானப்படைத் தளம் என்பதால் இரண்டாவது வரிசையைத் தவறவிடாதீர்கள், சிவில் விமானம் வந்து இறங்கியதைப் படைக்காரர்கள் போகிறபோக்கில் குறித்து வைத்திருப்பது உண்டு.

நினைவுக் குறிப்புகளைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் அவர்களுடைய கதையோட்டம் உங்கள் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் காகிதத்தில் கண்டதை எல்லாம் அதற்குள் திணிக்கத் தொடங்குவீர்கள். அட்டவணை தயாரான பிறகு படித்தால், எந்த இடத்தில் நினைவு தடுமாறுகிறது என்று சட்டென்று தெரியும்.

எண்ணிக்கையைச் சோதிக்கும் சின்னக் கணக்கு

கேட்டலினாக்கள் கடலைக் கடந்தது மொத்தம் 271 முறை. அதை 3,513 மைலால் பெருக்கினால் ஒன்பதரை லட்சம் மைல், அதனால் பத்து லட்சம் மைல் என்று யாராவது எழுதியிருந்தால் முழு எண்ணாக்கிய பெருமை என்று விட்டுவிடலாம். ஒரு முறைக்கு மூன்று பயணிகள் என்றால் உச்ச வரம்பு 813. அதைவிடக் கூடுதலாகப் பயணிகள் எண்ணிக்கை எங்காவது தென்பட்டால், லிபரேட்டர் விமானங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள். 1944 நடுவிலிருந்து அவையும் வந்துவிட்டன. தரையில் இறங்கும் பெரிய விமானங்கள், மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாப் பக்கம் லியர்மன்த்தில் நின்று பெட்ரோல் போட்டுக்கொண்டு இலங்கைக்கு வரும், இறங்குவது இரத்மலானையில். அந்தச் சேவைக்குக் கங்காரு சேவை என்று பெயர், குவாண்டாஸ் விமானத்தில் கங்காரு படம் முதலில் ஏறியது அப்போதுதான். கேட்டலினா காலத்தையும் லிபரேட்டர் காலத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிளறாமல் இருந்தாலே பாதி முரண்பாடுகள் தீர்ந்துவிடும்.

25 மாதத்தில் 271 என்றால் வாரத்துக்கு இரண்டரை. ஐந்து விமானங்களும் ஆரம்பத்திலேயே கையில் இல்லை, ஒவ்வொன்றாகத்தான் சேர்ந்தன, ஆகவே சீரான வாராந்திர அட்டவணை இருந்ததாகக் கற்பனை செய்ய வேண்டாம். மாதவாரியாக ஒரு வரைபடம் போட்டால் உண்மை தெரியும்.

கொக்கலவை வெறும் இறங்குதளமாக எழுதாதீர்கள்

இந்தச் சேவையைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் முக்கால்வாசி ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. அதில் கொக்கல என்பது ஒரு ஏரி, தென்னை மரங்கள், அவ்வளவுதான். அந்த ஏரிக்கு இதற்கு முன்பே ஒரு போர் வரலாறு உண்டு. 1942 ஏப்ரல் 4 அன்று கனடா விமானப்படையின் 413ஆம் பிரிவைச் சேர்ந்த லெனர்ட் பிர்ச்சால் அங்கிருந்துதான் ஒரு கேட்டலினாவில் கிளம்பினார். தெற்கே கடலில் தளபதி நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. ஓராண்டு கழித்துக் குவாண்டாஸ்காரர்கள் அதே ஏரியில் வந்து இறங்கியபோது அங்கே வேலை செய்தவர்களுக்கு அந்த ஏப்ரல் மறந்திருக்காது.

அதற்கும் முன்னால் நடந்தது வெளியேற்றம். விமானத்தளத்துக்காக ஊர்மக்களை அப்புறப்படுத்தி வீடுகளை இடித்தார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது, இன்று அதைச் சுற்றி ஒரு நாட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது, விமான ஓடுபாதையும் இலங்கை விமானப்படையிடம் இன்னும் இருக்கிறது. நேரில் போக முடிந்தால் முதலில் அருங்காட்சியகத்துக்குப் போய் ஊர் எங்கே இருந்தது என்று கேளுங்கள், பிறகு ஏரிக்கரைக்குப் போங்கள். வயதானவர்களிடம் பேசச் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. விமானத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் காணியைப் பற்றிக் கேளுங்கள், அதைத்தான் குடும்பங்கள் தலைமுறையாகச் சொல்லி வைத்திருப்பார்கள். சொன்னவர் பெயரை அவர் சம்மதிக்காமல் அச்சிட வேண்டாம்.

காணி எடுத்துக்கொண்டதற்கான காகிதத்தைத் தேட கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்திலும் காலி மாவட்டக் காணிப் பதிவகத்திலும் விசாரிக்க வேண்டும். போவதற்கு முன் கிராமத்தின் பெயரோடு பழைய காணித் துண்டுகளின் பெயர்களையும் ஊர்க்காரர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பழைய உறுதிப் பத்திரங்கள் காணியின் பெயரைச் சொல்லித்தான் பேசும். தளத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.